விசா இருந்தும் போக முடியாதவர்கள்: பெருந்தொற்றில் காகிதமும் காப்பீடும் எங்கே கைவிட்டன

2020 மார்ச் மூன்றாம் வாரத்தில் மண்ணடி, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் லீவில் வந்திருந்த வளைகுடாக்காரர்கள் பலரிடம் எல்லாம் சரியாகவே இருந்தது. பாஸ்போர்ட்டில் விசா, அங்கே வேலை, திரும்பிப் போக டிக்கெட். மார்ச் 19-ஆம் தேதி ஐக்கிய அரபு அமீரகம், வெளியூர் போயிருக்கும் தன் குடியிருப்பு விசாக்காரர்கள் திரும்பி உள்ளே வருவதை நிறுத்தி வைத்தது. 22-ஆம் தேதி இந்தியா வெளிநாட்டுப் பயணிகள் விமானங்கள் வந்திறங்குவதை நிறுத்தியது. 24-ஆம் தேதி நள்ளிரவு முதல் நாடு முழுக்க ஊரடங்கு. வழக்கமான சர்வதேச விமானப் போக்குவரத்து மறுபடி தொடங்கிய நாள் 2022 மார்ச் 27. நடுவில் இரண்டு வருடம்.

அந்த இரண்டு வருடமும் விமானமே இல்லாமல் போய்விடவில்லை. 2020 மே 7 முதல் ‘வந்தே பாரத்’ மீட்பு விமானங்கள் வந்தன, ஜூலையிலிருந்து ‘ஏர் பபிள்’ என்ற பெயரில் நாட்டுக்கு நாடு தனி ஒப்பந்தத்தில் விமானங்கள் ஓடின. அவற்றில் ஏறிப் போனவர்களும் உண்டு. கையில் விசா இருந்தும் கடைசி வரை போக முடியாமல், வேலையை இழந்து ஊரிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. இந்த இரு சாராரையும் பிரித்தது என்ன என்று பார்த்தால், ஒவ்வொரு காகிதத்துக்கும் இருந்த கடைசித் தேதிதான் திரும்பத் திரும்ப முன்னால் வருகிறது. எல்லாக் காகிதங்களும் ஒரே நாளில் உயிரோடு இருந்தால்தான் ஆள் விமானம் ஏற முடியும். ஒன்று காலாவதியானால் மற்றவையும் அதோடு வீணாகும். காப்பீடு என்று விற்கப்பட்டதோ ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் பார்த்தது. தேதி தவறியதால் போன வேலைக்கும் சம்பளத்துக்கும் அதில் ஒரு வரிகூட இல்லை. இதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அப்போது வந்த விதிகளில் சில போய்விட்டன, சில இன்றும் அப்படியே இருக்கின்றன.

வடசென்னையிலிருந்து இதைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. துறைமுகத்தை ஒட்டிய இந்தப் பகுதிக்குக் கடல் தாண்டிப் போவதும் வருவதும் புதிதல்ல. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் வியாசர்பாடியில் குடியேறினார்கள். பாரிமுனை ஓரத்தில் அவர்கள் போட்ட கடைகள்தான் பர்மா பஜார் ஆயின. மண்ணடித் தெருக்களில் ராமநாதபுரம், தூத்துக்குடி, தஞ்சாவூர்க் கடற்கரை ஊர்களைச் சேர்ந்த வணிகக் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன. அதையொட்டியே டிராவல்ஸ் அலுவலகங்களும் லாட்ஜுகளும் ஜெராக்ஸ் கடைகளும் வளர்ந்தன. வெளிநாட்டு வேலைக்குப் போகிற தென்மாவட்டத்து ஆட்கள் விமானம் ஏறுவதற்கு முந்தின இரவு தங்குவதும் இங்கேதான். இன்னொரு பக்கம், 2020 ஏப்ரல், மே மாதங்களில் சென்னையிலேயே அதிகத் தொற்று பதிவான மண்டலமும் ராயபுரம்தான். தெரு முனையில் தகரம் அடித்து மூடியிருக்க, உள்ளே இருப்பவர் செல்போனில் வெளிநாட்டு அரசின் இணையதளத்தைத் திறந்து அனுமதி வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

திரும்பி வரும் உரிமை யாருடையது?

‘விசா அடிச்சாச்சு’ என்றால் வேலை முடிந்தது என்பதுதான் அதுவரை எல்லோருடைய நினைப்பும். பெருந்தொற்று வந்ததும், விசாவுக்கும் உள்ளே நுழையும் அனுமதிக்கும் நடுவில் புதிதாக ஒரு படி முளைத்தது. துபாய் விசா வைத்திருப்பவர் ஜிடிஆர்எஃப்ஏ என்ற துறையிடமும், மற்ற அமீரகங்களின் விசா வைத்திருப்பவர் ஐசிஏ என்ற கூட்டாட்சி ஆணையத்திடமும் திரும்பி வர முன்அனுமதி வாங்க வேண்டும் என்று ஆனது. சிங்கப்பூர் இன்னும் முந்திக்கொண்டது. 2020 மார்ச் மாதமே, வேலை அனுமதி வைத்திருப்பவர் ஊரிலிருந்து திரும்புவதற்கு மனிதவள அமைச்சகத்தின் ஒப்புதல் வேண்டும், அதை முதலாளிதான் கேட்க வேண்டும் என்று அறிவித்தது. இது சின்ன மாற்றம் மாதிரித் தெரியும். ஆனால் ஒரு தொழிலாளியின் பயணத்தைத் தொடங்கி வைக்கும் அதிகாரம் அவர் கையிலிருந்து முதலாளியின் கைக்குப் போனது இந்த இடத்தில்தான். ஆர்டர் குறைந்து ஆட்குறைப்பை யோசித்துக்கொண்டிருந்த கம்பெனிக்கு, லீவில் போன ஆளுக்காக விண்ணப்பம் போடாமல் இருப்பதே எளிதான வழி. வேலையை விட்டு நீக்குவதற்கான கடிதம் கொடுக்க வேண்டாம், கணக்குத் தீர்க்க வேண்டாம். சும்மா இருந்தால் போதும், தேதி தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

சவூதியில் இந்த ஏற்பாடு பெருந்தொற்றுக்கு முன்பிருந்தே வேறு மாதிரி. அங்கே இகாமா என்ற குடியிருப்பு அனுமதி இருந்தால் மட்டும் ஊருக்கு வந்து திரும்ப முடியாது. வெளியே போய்த் திரும்புவதற்கான ‘எக்ஸிட் ரீ-என்ட்ரி’ விசா தனியாக அடிக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு 200 ரியால், அதற்கு மேல் ஒவ்வொரு மாதத்துக்கும் 100 ரியால். அந்தக் கெடுவுக்குள் திரும்பாதவர் ‘போனவர் திரும்பவில்லை’ என்ற கணக்கில் சேர்க்கப்படுவார். மூன்று வருடத்துக்கு வேறு முதலாளியிடம் வேலைக்கு அந்த நாட்டுக்குள் போக முடியாது என்ற தடை அப்போது இருந்தது. விமானமே இல்லாத காலத்தில் யார் திரும்ப முடியும்? அந்த அரசு இதைப் பார்த்து, வெளியே சிக்கியிருந்தவர்களின் இகாமாவையும் ரீ-என்ட்ரியையும் கட்டணம் இல்லாமல் தானாகவே நீட்டித்தது. 2021 ஜூலை 31, பிறகு ஆகஸ்ட் 31, பிறகு செப்டம்பர் 30, பிறகு நவம்பர் 30, பிறகு 2022 ஜனவரி 31 என்று தவணை தவணையாக நீண்டது. ஒவ்வொரு தவணை முடியும்போதும் அடுத்தது வருமா என்று தெரியாமல் குடும்பங்கள் காத்திருந்தன.

நீட்டிப்பு ஒன்றைக் கொடுத்தவரே திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். அமீரகம் 2020 மார்ச் 1-க்குப் பிறகு காலாவதியாகும் குடியிருப்பு விசாக்கள் அந்த வருடம் டிசம்பர் வரை செல்லும் என்று முதலில் சொன்னது. ஜூலை 10-ஆம் தேதி அமைச்சரவை அந்த முடிவை ரத்து செய்து, புதிய அவகாசக் கணக்கைக் கொண்டுவந்தது. டிசம்பர் வரை நேரம் இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்திருந்தவருக்கு, கணக்கு ஜூலையிலேயே மாறிவிட்டது. அமீரகத்தின் இன்னொரு விதி, ஆறு மாதத்துக்கு மேல், அதாவது 180 நாளுக்கு மேல், தொடர்ந்து வெளியே இருந்தால் குடியிருப்பு செல்லாது என்பது. குவைத்திலும் இதே ஆறு மாதக் கணக்கு உண்டு. பெருந்தொற்றில் இரண்டு நாடுகளும் இதைத் தளர்த்தின. ஆனால் தளர்வு என்பது அறிவிப்பு; கணினியில் நம் பாஸ்போர்ட் எண்ணுக்கு எதிரே என்ன காட்டுகிறது என்பதுதான் கவுன்ட்டரில் செல்லும். இரண்டும் ஒன்றாக இல்லாத நேரங்களில் அலைந்தது பயணிதான்.

மலேசியா 2020 செப்டம்பர் 7 முதல் இந்தியா உள்ளிட்ட சில நாட்டுக்காரர்கள், நீண்டகால அனுமதி வைத்திருந்தாலும், நுழைவதற்குத் தடை போட்டது. சிங்கப்பூர் 2021 ஏப்ரலில், இரண்டாம் அலை இங்கே உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, இந்தியாவிலிருந்து வருகிற வேலை அனுமதிக்காரர்களை நிறுத்தியது. ஏற்கெனவே ஒப்புதல் வாங்கியிருந்தவர்களுக்கும் அது பொருந்தியது. தடுப்பூசி போட்டவர்களுக்கான தனி வழி, சென்னை, டெல்லி, மும்பை ஆகிய மூன்று ஊர்களிலிருந்து, 2021 நவம்பர் 29-இல்தான் திறந்தது.

48 மணி நேரத்துக்குள் ஒரு வாழ்க்கை

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். துபாய் விசாவோடு 2021 ஆகஸ்டில் திரும்பப் போகிற ஒரு தண்டையார்பேட்டைக்காரர். ஏப்ரல் கடைசியில் அமீரகம் இந்தியப் பயணிகளை நிறுத்தியது. ஆகஸ்ட் 5 முதல், அங்கேயே இரண்டு தவணை தடுப்பூசி போட்டுக்கொண்ட குடியிருப்பாளர்கள் முதலில் அனுமதிக்கப்பட்டார்கள். அவருக்கு முன்அனுமதி வந்துவிட்டது. விமானம் சனிக்கிழமை விடிகாலை 4 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். ஆர்டி-பிசிஆர் சோதனைக்கான சளி மாதிரி 48 மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். அப்படியானால் வியாழக்கிழமை விடிகாலை 4 மணிக்கு முன்னால் எடுத்தது செல்லாது. வியாழன் காலை லேப் திறந்ததும் போய்க் கொடுத்தால், வெள்ளி மதியத்துக்குள் ரிப்போர்ட் வர வேண்டும். ரிப்போர்ட்டில் க்யூஆர் குறியீடு இருக்க வேண்டும். அப்புறம், விமானம் ஏறுவதற்குச் சில மணி நேரம் முன்னால் மீனம்பாக்கத்திலேயே ஒரு ராபிட் பிசிஆர்; அதற்குத் தனியாகச் சில ஆயிரம் ரூபாய். எடுத்துவைத்த பெட்டியோடு அங்கே நிற்கும்போது பாசிட்டிவ் என்று வந்தால், முன்னால் வாங்கின எல்லாமே கழிவு.

இதில் மிகவும் கொடுமையானது நோயிலிருந்து மீண்டவர்களின் நிலை. தொற்று குணமாகி, காய்ச்சல் விட்டு, வேலைக்குப் போகிற தெம்பு வந்தபிறகும் பிசிஆர் சோதனை சிலருக்கு வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும். வைரஸின் இறந்த துணுக்குகளையும் அந்தச் சோதனை பிடித்துவிடும் என்பதே காரணம். உடம்பு தேறிவிட்டது, சோதனை தேறவில்லை, அதற்குள் முன்அனுமதியின் தேதி முடிகிறது. குணமானதற்கான மருத்துவச் சான்றை ஏற்றுக்கொண்ட நாடுகள் உண்டு, ஏற்காதவையும் உண்டு. ராயபுரம் மாதிரித் தொற்று அதிகமாக இருந்த இடத்தில், சின்ன வீட்டில் ஆறு பேர் இருக்கும் குடும்பத்தில், ஒருவர் முடிந்து அடுத்தவர் என்று வந்துகொண்டே இருக்கும்போது, பயணம் போகிறவரை எங்கே தனியாக வைப்பது? வசதி இருந்தவர்கள் லாட்ஜில் அறை எடுத்துத் தங்கிக்கொண்டார்கள்.

பெயர்ச் சிக்கலையும் சொல்லியாக வேண்டும். நமக்கு இனிஷியல்தான் வழக்கம். ஆதாரில் ‘மு.’ என்று ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில், பள்ளிச் சான்றிதழில் வேறு வரிசை. தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளத்தில் பெரும்பாலோர் ஆதாரைக் காட்டித்தான் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். சான்றிதழ் ஆதாரில் இருந்த பெயரோடு வந்தது. பயணத்துக்கு அதில் பாஸ்போர்ட் எண் ஏற வேண்டும், பெயர் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். வயது மட்டும் அச்சாகியிருந்த சான்றிதழில் முழுப் பிறந்த தேதியையும் சேர்க்கும் வசதி 2021 செப்டம்பர் வாக்கில்தான் வந்தது. இந்தத் திருத்தங்களைச் செய்துகொடுத்தது பெரும்பாலும் பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டர் பையன்கள்தான். எத்தனையோ குடும்பங்களின் வருமானம் அன்று அவர்கள் விரலில் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

தடுப்பூசிக்கும் தேதி இருந்தது. 2021 மே 13-ஆம் தேதி கோவிஷீல்டின் இரண்டு தவணைகளுக்கு இடையிலான இடைவெளி 12 முதல் 16 வாரம் என்று நீட்டப்பட்டது. முதல் ஊசி போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பக் காத்திருந்தவருக்கு இது இன்னும் மூன்று மாதம். ஜூன் 7-ஆம் தேதிதான், வேலைக்கும் படிப்புக்கும் வெளிநாடு போகிறவர்கள் 28 நாள் கழித்து இரண்டாவது ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய அரசு விதிவிலக்கு அளித்தது. கோவேக்சின் போட்டவர்களின் பாடு இன்னும் நீண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அவசரகாலப் பட்டியலில் அது இடம் பிடித்தது 2021 நவம்பர் 3-ஆம் தேதிதான். அதுவரை பல நாடுகளின் கணக்கில் அவர்கள் தடுப்பூசியே போடாதவர்கள். ஊரில் எந்த முகாமில் எந்த ஊசி அன்று இருந்ததோ அதைப் போட்டுக்கொண்டவர்கள்தான் பெரும்பாலோர். யாரும் விசாவை நினைத்து ஊசியைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இல்லை.

மூன்றாவது நாட்டு வழி

நேரடி வழி அடைபட்டபோது சுற்று வழி திறந்தது. சவூதி 2020 செப்டம்பர் 22-ஆம் தேதி இந்தியப் போக்குவரத்தை நிறுத்தியது. ஆனால் இந்தியாவில் இல்லாமல் வேறொரு நாட்டில் 14 நாள் இருந்துவிட்டு வந்தால் நுழையலாம். குவைத்தும் அந்த ஆகஸ்டில் நேரடி வருகையைத் தடுத்து, இதே மாதிரி இடைத்தங்கலை ஏற்றுக்கொண்டது. அதனால் துபாயில் 14 நாள் அறை, சாப்பாடு, கடைசியில் பிசிஆர் சோதனை, அங்கிருந்து ரியாத் டிக்கெட் என்று எல்லாம் சேர்த்து ‘பேக்கேஜ்’ விற்கப்பட்டது. செலவு ஒரு லட்சத்தைத் தாண்டியது. வீட்டில் இருந்த நகை அடகுக்கடைக்குப் போனது.

2021 பிப்ரவரி முதல் வாரத்தில் சவூதி 20 நாடுகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அதில் ஐக்கிய அரபு அமீரகமும் இருந்தது. குவைத்தும் அதே வாரம் வெளிநாட்டினரை நிறுத்தியது. 14 நாளில் பத்து நாள் முடித்தவர், பன்னிரண்டு நாள் முடித்தவர், எல்லோரும் துபாயில் நடுவழியில் நின்றார்கள். ஊருக்குத் திரும்பிவிடுவது நல்லது என்று இந்தியத் தூதரகம் அறிவுரை வெளியிட வேண்டிய அளவுக்கு நிலைமை போனது. பிறகு நேபாளம் வழி. ஏப்ரல் கடைசியில் நேபாளம், இந்தியர்கள் தன் வழியாக மூன்றாம் நாட்டுக்குப் போவதை நிறுத்தியது. பிறகு மாலத்தீவு, மே 13 முதல் தெற்காசியச் சுற்றுலாப் பயணிகளுக்கு அதுவும் மூடி, ஜூலை 15-இல் மறுபடி திறந்தது. சவூதியிலேயே இரண்டு ஊசி போட்டுவிட்டு வந்தவர்கள் நேரடியாகத் திரும்ப 2021 ஆகஸ்ட் கடைசியில் வழி பிறந்தது. மற்றவர்களுக்கு டிசம்பர் 1.

இந்த வழியில் போனவர் கையில் ஒரே நேரத்தில் எத்தனை நாட்டு விதிகள் இருந்தன என்று நினைத்துப் பார்க்க வேண்டும். இந்தியாவிலிருந்து கிளம்பும் விதி, நடுநாட்டின் சுற்றுலா விசா விதி, அங்கே சோதனை விதி, வருகையை முன்கூட்டியே பதியும் சவூதியின் முகீம் தளம், அந்த நாட்டின் தவக்கல்னா செயலியில் ‘தடுப்பாற்றல் உள்ளவர்’ என்ற நிலை. பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள் நிறையப் பேர் இதைச் செய்து முடித்தார்கள். ஏஜென்ட் செய்துகொடுத்தார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஏஜென்ட் தவறாகச் செய்தாலும் பணமும் தேதியும் போனது இவருக்குத்தான்.

காப்பீடு எதைக் காத்தது?

இந்தக் காலத்தில் ‘இன்சூரன்ஸ் இருக்கா?’ என்ற கேள்வி நான்கு வேறு பொருள்களில் கேட்கப்பட்டது. ஏஜென்ட் கேட்டால் ஒன்று, விமானக் கம்பெனி கேட்டால் இன்னொன்று, தூதரகம் கேட்டால் வேறொன்று. பதில் சொன்னவர் எந்தப் பாலிசியை நினைத்துச் சொன்னார் என்பதில்தான் பெரும்பாலான சிக்கல் தொடங்கியது.

முதலாவது, நம் அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா. குடியேற்றச் சோதனை தேவைப்படும் பாஸ்போர்ட், அதாவது பத்தாவது முடிக்காதவர்களின் ‘இசிஆர்’ பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது இதை எடுத்தாக வேண்டும். சவூதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா, தாய்லாந்து எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு, சிங்கப்பூர் இல்லை. 2017-இல் திருத்தப்பட்ட வடிவில் இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், வரி தனி. இந்தச் சின்னத் தொகைக்கு 10 லட்சம் ரூபாய் பாதுகாப்பு என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அந்த 10 லட்சம் விபத்தால் மரணம், நிரந்தர ஊனம் ஆகியவற்றுக்கு. நோயால் மரணம் அதில் வராது. மருத்துவமனைச் செலவுக்கு 1 லட்சம் ரூபாய் உண்டு. துபாயிலோ ரியாத்திலோ தீவிர சிகிச்சைப் பிரிவில் அது எத்தனை நாளைக்கு வரும் என்று யாரும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இதில் ஒரு நல்ல அம்சம், முதலாளி மாறினாலும் வேலை இடம் மாறினாலும் பாலிசி செல்லும் என்பது. கெட்டது, முதல் தடவை போகும்போது எடுத்ததைப் பலர் மறந்தே போய்விடுகிறார்கள். இரண்டு மூன்று வருடத்தில் அது முடிந்துவிடும்.

இரண்டாவது, அங்கே முதலாளி எடுத்துக் கொடுக்கும் மருத்துவக் காப்பீடு. துபாயில் அடிப்படைத் திட்டத்தின் வருட உச்சவரம்பு 1,50,000 திர்ஹம். சிங்கப்பூரில் வேலை அனுமதிக்காரருக்கு முதலாளி எடுக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு அப்போது 15,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். 2023 ஜூலையிலிருந்து அது 60,000 வெள்ளி ஆகியிருக்கிறது. இவை அந்த நாட்டில் வேலை பார்க்கும்போது வரும் நோய்க்கானவை. லீவில் வந்து தண்டையார்பேட்டையில் படுத்துவிட்டவருக்கு அடிப்படைத் திட்டங்கள் பெரும்பாலும் உதவவில்லை. சிங்கப்பூர் இன்னொரு படி போனது: அரசின் பயண எச்சரிக்கையை மீறி 2020 மார்ச் 27-க்குப் பிறகு வெளியே போய்வருபவர், திரும்பிய 14 நாளுக்குள் தொற்று அறிகுறியோடு மருத்துவமனையில் சேர்ந்தால் சலுகை இல்லாத முழுக் கட்டணம் கட்ட வேண்டும் என்றது. அம்மாவின் சாவுக்கு வந்துவிட்டுப் போனவருக்கும் இதே கணக்குதானா என்ற கேள்வி அப்போது பல வீடுகளில் எழுந்தது.

மூன்றாவது, இங்கே 2020 ஜூலை 10 முதல் விற்பனைக்கு வந்த கொரோனா கவச், கொரோனா ரக்ஷக். கவச் 50,000 ரூபாயிலிருந்து 5 லட்சம் வரை, மூன்றரை, ஆறரை, ஒன்பதரை மாதக் காலத்துக்கு. உள்ளூரில் சிகிச்சை எடுத்தவர்களுக்கு உதவிய நல்ல திட்டம். ஆனால் கவச் இந்திய மருத்துவமனைகளுக்கானது. வெளிநாட்டு நுழைவுக்கு அது ஒரு சான்று ஆகாது. ‘கொரோனா பாலிசி இருக்கிறது’ என்ற நம்பிக்கையில் அதை அச்செடுத்துக்கொண்டு போய்ப் பயனில்லை.

நான்காவதுதான் நுழைவுக்கே கேட்கப்பட்ட பயணக் காப்பீடு. இதில் தாய்லாந்து மிகக் கறாராக இருந்தது. அங்கே ஏற்கெனவே, தங்கும் அனுமதி வைத்திருப்பவர் நாட்டை விட்டு வெளியே போகும்முன் ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்காவிட்டால் அந்த அனுமதியே ரத்தாகிவிடும். ஒரு தடவைக்கு 1,000 பாட், பல தடவைக்கு 3,800 பாட். பெருந்தொற்றில் இதற்கு மேல் தூதரகத்தின் நுழைவுச் சான்றிதழும், 1,00,000 அமெரிக்க டாலருக்குக் குறையாமல் கோவிட் சிகிச்சையை ஏற்கும் காப்பீடும், 14 இரவு தனிமை விடுதியும் கேட்டார்கள். 2021 நவம்பரில் ‘தாய்லாந்து பாஸ்’ வந்தபோது காப்பீட்டுத் தொகை 50,000 டாலர் ஆகி, பிறகு படிப்படியாக இறங்கி, 2022 ஜூலை 1 முதல் நிபந்தனையே எடுக்கப்பட்டது. சிங்கப்பூர் குறுகிய காலப் பயணிகளிடம் 30,000 வெள்ளி காப்பீடு கேட்டது. மகனைப் பார்க்கப் போகிற பெற்றோருக்கு அது பொருந்தும். எமிரேட்ஸ் விமான நிறுவனம் 2020 ஜூலையிலிருந்து தன் பயணிகளுக்கு 1,50,000 யூரோ வரை கோவிட் மருத்துவச் செலவும், தனிமையில் இருந்தால் 14 நாள் வரை தினம் 100 யூரோவும் கட்டணமின்றிக் கொடுத்தது.

இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு பள்ளம் தெரியும். இங்கே விற்கும் வெளிநாட்டுப் பயணப் பாலிசிகளில் பல, இந்தியாவில் குடியிருப்பவர் கிளம்பிப் போய் இந்தியாவுக்கே திரும்புவார் என்று நினைத்து எழுதப்பட்டவை. வேலைக்காரருக்கோ பயணம் தலைகீழ்: அவர் குடியிருப்பது அங்கே, விடுமுறை இங்கே. இங்கிருந்து எடுத்தால் ஒருவழிப் பயணம், ‘வெளிநாட்டில் குடியிருப்பவர்’ என்று மறுப்பு வரலாம். அங்கிருந்து எடுத்தால் சொந்த நாட்டில் ஆகும் செலவு விலக்கப்பட்டிருக்கலாம். பெருந்தொற்றும், அரசு எல்லையை மூடுவதும் ஏற்கெனவே தெரிந்த ஆபத்து என்று விலக்குப் பட்டியலில் வைத்த பாலிசிகள் நிறைய. தனிமை விடுதிச் செலவும் பொதுவாக வெளியேதான். ஒரு வருடத்தில் பத்து மாதமாவது வெளிநாட்டில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்புகிற ஒருவரை, இரண்டு நாட்டுக் காப்பீடும் ‘நம் ஆள் இல்லை’ என்று நினைக்கும்படி அமைந்திருப்பது எனக்கு ஏற்க முடியாத ஒன்று. தேதி தவறி விசா போனால் மூன்று மாதச் சம்பளமாவது கிடைக்கும்படி ஒரு பாலிசி, 375 ரூபாய்க்கு இல்லாவிட்டாலும் அதைப் போல நான்கு மடங்குக்காவது, அரசின் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும்.

டிக்கெட் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரத்தான பயணங்களுக்குப் பணம் திருப்பித் தருவது பற்றி பிரவாசி லீகல் செல் என்ற அமைப்பு தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று உத்தரவிட்டது. ஊரடங்குக் காலத்திலேயே பதிவு செய்த, ஊரடங்குக் காலப் பயணத்துக்கான டிக்கெட்டுகளுக்கு முழுப் பணம் தர வேண்டும், ஏஜென்ட் வழியாகப் பதிவு செய்திருந்தால் அவர் அதை உடனே பயணியிடம் சேர்க்க வேண்டும் என்றது. ரசீது இல்லாமல் ரொக்கம் கொடுத்து டிக்கெட் போட்டவர்களுக்கு அந்த உத்தரவைப் பயன்படுத்துவது கடினமாகத்தான் இருந்தது.

கப்பலில் வேலை பார்ப்பவர்களின் கதை தனி. துறைமுக வட்டாரத்தில் அவர்களும் நிறைய. அவர்களுக்குத் திரும்பிப் போவதல்ல, இறங்குவதே பிரச்சினை. 2020 கடைசியில் உலகம் முழுக்க சுமார் 4 லட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் கப்பலிலேயே இருந்தார்கள் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு சொன்னது. இந்தியத் துறைமுகங்களில் ஏறி இறங்க உள்துறை அமைச்சகம் 2020 ஏப்ரல் 21-ஆம் தேதியே நடைமுறை வகுத்துவிட்டது என்பது அந்த நேரத்தில் பெரிய ஆறுதல்.

இன்றைக்கு என்ன மிச்சம்

பிசிஆர், க்யூஆர், இந்தியாவுக்கு வருபவர்கள் நிரப்ப வேண்டியிருந்த ஏர் சுவிதா படிவம் எல்லாம் போய்விட்டன. சவூதியின் மூன்று வருடத் தடை 2024 ஜனவரியில் எடுக்கப்பட்டது. ஆனால் அமீரகத்தின் ஆறு மாதக் கணக்கு அப்படியே இருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து, ஆறு மாதத்தைத் தாண்டியவர் காரணத்துக்கான ஆதாரத்தோடு ரீ-என்ட்ரி அனுமதி கேட்கலாம். தாண்டிய ஒவ்வொரு 30 நாளுக்கும் 100 திர்ஹம் அபராதம், அனுமதி கிடைத்த 30 நாளுக்குள் நுழைந்துவிட வேண்டும். மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, விமானம் ரத்தான மின்னஞ்சல் போன்றவைதான் அங்கே ஆதாரம். எனவே லீவில் வந்து உடம்பு சரியில்லாமல் போனால் அந்தக் காகிதங்களைத் தேதியோடு எடுத்து வைத்துக்கொள்வது அவசியம். தமிழ்நாட்டு அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்தில் பதிவு செய்தால் விபத்துக் காப்பீட்டில் சேர முடியும்.

லீவுக்கு வந்திருக்கும் யாராவது இதைப் படித்தால், பீரோவிலிருந்து அந்தப் பழைய பிரவாசி பாலிசியை எடுத்து முடிவுத் தேதியைப் பார்த்துவிடுங்கள். முடிந்திருந்தால் இணையத்திலேயே புதுப்பிக்கலாம், அதற்காக ஏஜென்ட்டிடம் போக வேண்டாம். புதிதாகப் பயணக் காப்பீடு எடுப்பதாக இருந்தால், ‘நான் அங்கே குடியிருப்பவன், ஒருவழிப் பயணம், எல்லை மூடினால் என்ன தருவீர்கள்’ என்று மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்தபிறகு பணம் கட்டுங்கள்.